பாய்காட்: “யாரை?” என்று கேட்கச் சொல்லும் வினைச்சொல்

“மச்சி, நாளைக்கு க்ளாஸ் பாய்காட்டாம்!”

இப்படி ஒருவன் ஓடி வந்து சொன்னால், கேட்பவன் “எதுக்குடா?” என்று கேட்பதில்லை. “அப்போ எந்தப் படம்?” என்றுதான் கேட்கிறான். கல்லூரி வாசலை மிதித்த யாரும் இதை மறுக்க மாட்டார்கள்.

படத்துக்குப் போவதில் தப்பில்லை. வகுப்பைக் கட் அடிப்பது மாணவர் குலத்தின் பிறப்புரிமை என்றே வைத்துக்கொள்ளலாம். ஆனால் அதற்குத்தான் ‘கட்’ என்று கச்சிதமாக ஒரு சொல் இருக்கிறதே! எதற்கு ஒரு பெரிய சொல்லை இழுத்து வந்து, தியேட்டர் க்யூவில் நிறுத்தி வைக்க வேண்டும்?

கல்லூரியோடு முடிந்தாலும் பரவாயில்லை. ஒரு விளம்பரம் பிடிக்கவில்லையா, பாய்காட். ஒரு நடிகர் பேசியது பிடிக்கவில்லையா, பாய்காட். இத்தனைக்கும் அந்த நடிகரின் படத்தை வாழ்நாளில் ஒரு தடவைகூட டிக்கெட் எடுத்துப் பார்க்காதவர்தான் முதல் ஆளாக ஹேஷ்டேக் போடுகிறார். இன்னொரு பக்கம், ஒரு ஊரே சேர்ந்து நாலு குடும்பத்துக்கு அரிசி, பருப்பு தராமல் நிறுத்தினால் அதற்கும் பேர் ‘சோஷியல் பாய்காட்’.

ஒரே சொல். பொழுதுபோக்கும் அதுதான், பழிவாங்கலும் அதுதான், போராட்டமும் அதுதான். இது சரியா? சரியில்லை. ஏன் என்று தெரிய வேண்டுமானால் அந்தச் சொல் பிறந்த வயலுக்குப் போய்ப் பார்க்க வேண்டும்.

ஆள் பெயர்தான்!

பாய்காட் என்றதும் கிரிக்கெட் ரசிகர்களுக்கு இங்கிலாந்தின் ஜெஃப்ரி பாய்காட் நினைவுக்கு வருவார். அவரில்லை. ஆனால் இதுவும் ஓர் ஆளின் குடும்பப் பெயர்தான். சார்லஸ் கன்னிங்ஹாம் பாய்காட், 1832இல் இங்கிலாந்தின் நார்ஃபோக்கில் பிறந்தவர். கொஞ்ச நாள் ராணுவத்தில் இருந்தார். பிறகு அயர்லாந்துக்குப் போய் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துப் பயிர் செய்தார். 1870களில் மேயோ மாவட்டத்தில், மாஸ்க் ஏரிக்கரையில் குடியேறினார். அங்கே எர்ன் பிரபுவுக்கு நிலம் இருந்தது. பிரபு எங்கோ இருப்பார், வாடகை வசூலிக்க உள்ளூரில் ஓர் ஆள் வேண்டுமல்லவா? அந்த ஏஜென்ட்தான் ‘கேப்டன்’ பாய்காட்.

ஆள் எப்படி? கறார். குடியானவர்கள் வேலிக் கதவைச் சாத்தாமல் போனால் அபராதம், அவர்கள் வீட்டுக் கோழி இவர் நிலத்துக்குள் வந்தால் அபராதம் என்று பேர் வாங்கியவர்.

அந்தக் காலத்து அயர்லாந்தில் உழுபவர்களில் பெரும்பாலோருக்கு நிலம் சொந்தமில்லை. 1845 முதல் உருளைக்கிழங்கு நோயால் வந்த பெரும் பஞ்சத்தில் சுமார் பத்து லட்சம் பேர் செத்துப்போன நாடு அது. 1879இல் மறுபடி விளைச்சல் பொய்த்தது. பஞ்சம் திரும்பி வந்துவிடுமோ என்று ஜனங்கள் நடுங்கிக்கொண்டிருந்த நேரம். அந்த வருஷம் அக்டோபரில் டப்ளினில் ‘நில லீக்’ என்ற அமைப்பு உருவானது. மைக்கேல் டேவிட் அதன் மூளை, சார்லஸ் ஸ்டூவர்ட் பார்னெல் அதன் தலைவர்.

1880 செப்டம்பரில் எர்ன் பிரபுவின் குடியானவர்கள் வாடகையில் 25 சதவீதம் குறைக்கச் சொன்னார்கள். பிரபு 10 சதவீதத்துக்கு மேல் முடியாது என்றார். கட்டாதவர்களை வெளியேற்ற நோட்டீஸ் தயாரானது. செப்டம்பர் 22ஆம் தேதி போலீஸ் காவலோடு நோட்டீஸ் கொடுக்கப் போனவரை ஊர்ப் பெண்கள் கல்லும் சேறும் சாணமும் வீசித் துரத்திவிட்டார்கள்.

மறுநாள் நடந்ததுதான் விஷயம். பாய்காட் வீட்டில் வேலை பார்த்தவர்கள் ஒவ்வொருவராக வெளியேறினார்கள். வயலில் ஆள் இல்லை. துணி துவைக்க ஆள் வரவில்லை. கொல்லர் வரவில்லை. கடைக்காரர்கள் சாமான் தரவில்லை. தபால் கொண்டுவரக்கூட ஆள் இல்லை. அறுவடைக் காலம் அது. தானியமும் கிழங்கும் நிலத்திலேயே நிற்கின்றன. அவரை யாரும் அடிக்கவில்லை. அவருக்காக யாரும் எதையும் செய்யவும் இல்லை.

பாய்காட் லண்டன் ‘டைம்ஸ்’ பத்திரிகைக்குக் கடிதம் எழுதிப் புலம்பினார். பத்திரிகைகள் பொங்கின. கேவன், மோனஹன் மாவட்டங்களிலிருந்து அரச விசுவாசிகளான ஆரஞ்ச் அமைப்பினர் 50 பேர் அறுவடை செய்துகொடுக்க வந்தார்கள். அந்த 50 பேரைக் காப்பாற்ற ராணுவமும் போலீசுமாக ஆயிரம் பேர் அளவுக்கு வந்து இறங்கினார்கள்!

காமர்ஸ் படிப்பவர்கள் இந்த இடத்தில் பென்சிலைக் கையில் எடுக்கலாம். அறுவடை செய்த விளைச்சலின் மதிப்பு சுமார் 500 பவுண்டு. அதற்கு ஆன மொத்தச் செலவு சுமார் 10,000 பவுண்டு. ஒவ்வொரு டர்னிப் கிழங்கையும் தோண்ட ஒரு ஷில்லிங் செலவாகியிருக்கிறது என்று பார்னெல் கிண்டலடித்தார். இருபது மடங்கு செலவு செய்து ‘ஜெயித்த’ பாய்காட், நவம்பர் 27ஆம் தேதி அந்த வீட்டை விட்டுக் கிளம்பினார். வண்டி ஓட்டக்கூட உள்ளூரில் ஆள் கிடைக்கவில்லை. ராணுவ ஆம்புலன்ஸ் வண்டியில், குதிரைப்படைக் காவலோடு போனார்.

பேர் வைத்தது யார்?

நடந்ததற்கு ஒரு பேர் வேண்டியிருந்தது. அங்கே செய்தி சேகரித்துக்கொண்டிருந்த அமெரிக்கப் பத்திரிகையாளர் ஜேம்ஸ் ரெட்பாத் இதை எழுதி வைத்திருக்கிறார். அவர் உள்ளூர்ப் பாதிரியார் ஜான் ஓ’மாலியோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது இந்தப் பேச்சு வந்ததாம். ‘ஆஸ்ட்ரசைஸ்’ என்ற சொல் இருக்கிறதே என்றால், அது ஊர் ஜனங்களுக்குப் புரியாது என்றார் பாதிரியார். கொஞ்சம் யோசித்துவிட்டு, ‘பாய்காட் செய்வது’ என்று சொன்னால் என்ன என்று கேட்டாராம்.

இந்த இடம் முக்கியம். ‘ஆஸ்ட்ரசைஸ்’ கிரேக்கத்திலிருந்து வந்தது. பழைய ஏதென்ஸில் குடிமக்கள் ஓட்டாஞ்சில்லில் பேரைக் கீறிப் போட்டு, ஓர் ஆளைப் பத்து வருஷம் நாடு கடத்துவார்கள். அந்த ஓட்டின் பேர் ‘ஆஸ்ட்ரகான்’. அது ஓட்டுரிமை உள்ளவர்களின் சொல். பாதிரியாருக்கு வேண்டியிருந்ததோ ஓட்டும் இல்லாத, நிலமும் இல்லாத, படையும் இல்லாத ஜனங்களின் வாயில் நுழைகிற சொல். கிடைத்தது. சில மாதங்களிலேயே அது ஆங்கிலப் பத்திரிகைகளில் சின்ன ‘பி’ போட்ட சாதாரண வினைச்சொல்லாகிவிட்டது. பிறகு பிரெஞ்சு, ஜெர்மன், டச்சு, ரஷ்யன், ஜப்பானிய மொழி என்று ஊர் ஊராகப் போய்விட்டது. வீட்டை விட்டு ஓடிய மனிதர் 1897இல் இறந்தார். பேர் மட்டும் இன்னும் வேலை பார்த்துக்கொண்டிருக்கிறது.

சரி, அர்த்தம் என்ன?

அந்த வயலில் இருந்த சங்கதிகளை எண்ணிப் பார்த்தால் மூன்று தேறும்.

ஒன்று, செய்தவர்கள் விலை கொடுத்தார்கள். அறுவடைக் கூலிதான் கூலிக்காரனுக்கு வருஷத்தின் பெரிய வரவு. அதை விட்டுவிட்டு வெளியேறினார்கள். அடுத்த வருஷம் பார்னெல் ஜெயிலுக்குப் போனார்.

இரண்டு, கோரிக்கை தெளிவாக இருந்தது. இத்தனை சதவீதம் குறை, வெளியேற்றாதே. அதாவது எதைச் செய்தால் இது நிற்கும் என்று எதிராளிக்குத் தெரியும்.

மூன்று, அது கீழேயிருந்து மேலே போனது. நிலமும் சட்டமும் படையும் வைத்திருந்தவரை எதிர்த்து, தங்கள் உழைப்பை மட்டும் வைத்திருந்தவர்கள் அந்த உழைப்பைத் திருப்பி எடுத்துக்கொண்டார்கள்.

இந்த மூன்றில் முதலாவது இல்லையென்றால் அது சோம்பல். இரண்டாவது இல்லையென்றால் அது வெறும் கோபம். மூன்றாவது இல்லையென்றால் அது கொடுமை.

பக்கத்து வீட்டுச் சொற்களோடும் இதைக் குழப்பக் கூடாது. வேலையை நிறுத்தினால் ஸ்ட்ரைக். அதிகாரத்தில் இருப்பவர் தடுத்தால் பேன், அதாவது தடை. அதிகாரம் இல்லாதவர் தன் பங்கை மட்டும் விலக்கிக்கொண்டால்தான் பாய்காட். “அவனைக் காலேஜிலிருந்து பாய்காட் பண்ணிட்டாங்க” என்று சிலர் சொல்கிறார்கள். தப்பு. அது சஸ்பென்ஷன் அல்லது டிஸ்மிஸ். ஆங்கிலத்தில் இந்த வினைக்குப் பின்னால் ‘ஃப்ரம்’, ‘அகெய்ன்ஸ்ட்’ எதுவும் வராது. நேராகச் செயப்படுபொருள் வரும். தமிழ் இலக்கணத்தில் செயப்படுபொருள் குன்றா வினை என்பார்களே, அந்த ஜாதி.

தமிழில் இன்னொரு தொல்லையும் உண்டு. ‘பகிஷ்கரிப்பு’ என்று முன்பு எழுதினார்கள், ஈழத்தமிழர்கள் இன்றும் எழுதுகிறார்கள். இங்கே அது ‘புறக்கணிப்பு’ ஆகிவிட்டது. வக்கீல்கள் நீதிமன்றத்தைப் புறக்கணித்தார்கள், அரசு எங்கள் ஊரைப் புறக்கணித்தது... இரண்டும் ஒன்றா? முதலாவது வேண்டுமென்றே, பலர் சேர்ந்து, ஒரு கோரிக்கைக்காகச் செய்வது. இரண்டாவது கண்டுகொள்ளாமல் விடுவது. போராட்டத்துக்கும் அலட்சியத்துக்கும் ஒரே சொல்லைக் கொடுத்துவிட்டு, போராட்டத்தின் அர்த்தம் தேய்ந்துவிட்டது என்று யாரைக் குறை சொல்வது?

ஓசி பாய்காட்

1905 ஆகஸ்ட் 7ஆம் தேதி கல்கத்தா டவுன் ஹாலில் பிரிட்டிஷ் பொருள் பாய்காட் தீர்மானம் நிறைவேறியபோது, அந்த ஐரிஷ் சொல் இந்தியாவுக்குள் அரசியல் சொல்லாக நுழைந்தது. அடுத்த வருஷம் தூத்துக்குடியில் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கினார். வெள்ளைக்காரக் கம்பெனி போட்டிக்குக் கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே போனது. மலிவான டிக்கெட் கண் முன்னால் இருக்கும்போது அதை வேண்டாம் என்று சொல்லி, சுதேசிக் கப்பலில் ஏறுவதுதான் பாய்காட். அந்தக் கட்டண வித்தியாசம்தான் அந்தச் சொல்லின் விலை. வ.உ.சி. கொடுத்த விலை சிறையும் செக்கும்.

அமெரிக்காவின் மான்ட்கமரி நகரத்தில் 1955 டிசம்பர் 5ஆம் தேதி கறுப்பின மக்கள் பஸ்ஸில் ஏறுவதை நிறுத்தினார்கள். பஸ்ஸில் போவோரில் முக்கால்வாசிப் பேர் அவர்கள்தான். 381 நாள்! வீட்டு வேலைக்குப் போகும் பெண்கள் மைல் கணக்காக நடந்தார்கள். மார்ட்டின் லூதர் கிங் வீட்டில் குண்டு வெடித்தது. பாய்காட்டைத் தடை செய்யும் ஒரு பழைய மாநிலச் சட்டத்தின் கீழ் அவர் மீதே வழக்கும் போட்டார்கள். கடைசியில் பஸ்ஸில் நிறப் பிரிவினை செல்லாது என்று உச்ச நீதிமன்றத்தில் முடிவானது.

இப்போது ஹேஷ்டேக் வீரர்களைப் பார்க்கலாம். வாங்காத சோப்பை வாங்க மாட்டேன் என்பது, போகாத ஊருக்குப் போக மாட்டேன் என்பது, பார்க்காத படத்தைப் பார்க்க மாட்டேன் என்பது. இதில் இவர்கள் இழந்தது என்ன? அரை நிமிஷமும் கொஞ்சம் டேட்டாவும். கணக்குப் புத்தகத்தில் ஒரு பக்கம் மட்டும் எழுதினால் டேலி ஆகாது என்பது ப்ளஸ் ஒன் பாடம். பற்று எழுதாமல் வரவு மட்டும் எழுதும் இந்தப் புரட்சிக்கு வேறு பேர் தேடிக்கொள்ளட்டும்.

“இணையத்தில் பேசியும் கம்பெனிகள் பணிந்திருக்கின்றனவே?” என்று கேட்கலாம். நியாயம். தினமும் வாங்கிக்கொண்டிருந்ததை நிஜமாகவே நிறுத்தினால் அது பாய்காட்தான், ஹேஷ்டேக் அதன் தண்டோரா. ஆனால் தண்டோரா போட்டுவிட்டு அதே கடையில் போய் வாங்கினால்?

கீழ்நோக்கி விழும் கல்

ஓசி பாய்காட்டாவது சிரித்துவிட்டுப் போகலாம். அடுத்த ரகம் அப்படியில்லை.

1933 ஏப்ரல் 1ஆம் தேதி ஜெர்மனியில் யூதர்களின் கடை வாசல்களில் நாஜிக் கட்சியின் சீருடைக்காரர்கள் நின்றுகொண்டு, யூதரிடம் வாங்காதே என்று அட்டை பிடித்தார்கள். அதற்கு அவர்கள் வைத்த பேரும் ‘பாய்காட்’தான். அரசாங்கமும் ஆளுங்கட்சியும் சேர்ந்து, மக்கள்தொகையில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லாத ஜனங்கள் மீது பாய்ந்தன. எதைச் செய்தால் இது நிற்கும் என்று அந்தக் கடைக்காரர் கேட்டால் என்ன பதில்? பதில் கிடையாது. அவர் யூதராகப் பிறக்காமல் இருந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்!

இந்திய கிராமங்களில் இதே வேலைக்கு ஊர்விலக்கு என்று பேர். தலித் குடும்பம் கோயிலுக்குள் போனது, கூலி கூடக் கேட்டது, போலீசில் புகார் கொடுத்தது என்று ஏதோ ஒரு ‘குற்றம்’. உடனே மளிகைக் கடையில் சாமான் கிடையாது, டீக்கடையில் டீ கிடையாது, வயலில் வேலை கிடையாது, குழாயில் தண்ணீர் கிடையாது. அம்பேத்கர் 1927இல் தொடங்கிய மராத்திப் பத்திரிகைக்கு ‘பகிஷ்கிருத் பாரத்’ என்று பேர் வைத்தார், அதாவது விலக்கி வைக்கப்பட்ட பாரதம். ‘பகிஷ்கரிப்பு’ என்ற சொல்லின் வேரும் அதே வேர்தான். 2015இல் திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், பட்டியல் சாதியினர் மீதும் பழங்குடியினர் மீதும் சமூக, பொருளாதாரப் புறக்கணிப்பைச் சுமத்துவதையும் குற்றமாக்கியது. சாதிப் பஞ்சாயத்துகள் விதிக்கும் விலக்கைத் தடுக்க மகாராஷ்டிரா தனியாகவே 2016இல் ஒரு சட்டம் போட்டது.

சட்டப் புத்தகத்திலும் ‘சோஷியல் பாய்காட்’ என்றுதானே இருக்கிறது என்று சிலர் கேட்பார்கள். இருக்கிறது. ஆனால் சட்டம் அதைக் குற்றம் என்று சொல்லிவிட்டுத்தான் அந்தப் பேரை எழுதுகிறது. செய்கிறவர்கள் அப்படியா சொல்கிறார்கள்? “நாங்க யாரையும் அடிக்கலையே, சும்மா ஒதுங்கித்தானே இருக்கோம்” என்கிறார்கள். அறுவடைக் கூலியை விட்டுக்கொடுத்த ஐரிஷ் ஏழையின் கம்பளியை எடுத்து, ஊர்ப் பெரியதனக்காரர் போர்த்திக்கொள்கிறார். அந்தக் கம்பளியை உருவ வேண்டும். அது ஊர்விலக்கு. அந்தப் பேரையே, பச்சையாகச் சொல்ல வேண்டும்.

பிறந்த இடத்திலேயே அழுக்கு இல்லையா?

கேட்க வேண்டிய கேள்விதான். இருந்தது. மேயோவில் எல்லோரும் மனம் விரும்பித்தான் விலகினார்களா? இல்லை. மிரட்டலுக்குப் பயந்து விலகியவர்களும் உண்டு. தபால் எடுத்து வந்த பாய்காட்டின் சொந்தக்காரப் பையனையே வழிமறித்து மிரட்டினார்கள்.

அதைவிடப் பெரிய சங்கடம் ஒன்று உண்டு. பாய்காட் விவகாரம் வெடிப்பதற்கு மூன்று நாள் முன்னால், 1880 செப்டம்பர் 19ஆம் தேதி, எனிஸ் என்ற ஊரில் பார்னெல் பேசிய பேச்சுதான் இதற்கெல்லாம் வழிகாட்டி. ஓர் ஆளோடு பேசாதே, கடையில், சந்தையில், கோயிலில் அவனை விட்டு விலகி நில் என்றார் அதில். யாரை? நிலப்பிரபுவையா? இல்லை. ஒருவன் வெளியேற்றப்பட்ட நிலத்தைக் குத்தகைக்கு எடுக்கிற இன்னொரு குடியானவனை! அவனும் ஏழைதான். அவன் வீட்டிலும் பசிதான்.

ஆக, மேலே வீசப்படும் கல்லும் பக்கத்தில் இருப்பவன் தலையில் விழும் கல்லும் ஒரே கையில்தான் இருந்தன. சொற்கள் மாறும், ஜனங்கள் பேசுவதுதான் அர்த்தம் என்று வாதாடுபவர்கள் இதைப் பிடித்துக்கொள்ளலாம். ஆனால் இது காட்டுவது நேர் எதிரான விஷயம். கத்தி எந்தப் பக்கமும் வெட்டும் என்றால், எடுத்தவன் இன்னும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்றுதான் அர்த்தம். இந்த வினைக்குச் செயப்படுபொருள் வேண்டும் என்று இலக்கணமே சொல்கிறது. எனவே ஒவ்வொரு முறையும் “யாரை?” என்று கேட்டே ஆக வேண்டும்.

மறுபடி வகுப்பறைக்கே வரலாம். பாய்காட் என்று அறிவித்த நாளில் ஒரே ஒருவன் மட்டும் வகுப்பில் போய் உட்காருகிறான். அட்டெண்டன்ஸ் 75 சதவீதத்துக்குக் கீழே போனால் காண்டனேஷன் ஃபீஸ் கட்ட அவன் வீட்டில் காசில்லை. மேட்னி ஷோ போன அறுபது பேரும் மறுநாள் கூடி முடிவெடுக்கிறார்கள்: “இனிமே அவன்கூட யாரும் பேசக்கூடாது. அவனை பாய்காட் பண்ணு.” நோட்ஸ் கிடையாது, மெஸ்ஸில் பக்கத்தில் உட்கார ஆள் கிடையாது, வாட்ஸ்அப் குரூப்பிலும் இடம் கிடையாது. நிர்வாகத்திடம் வைத்த கோரிக்கை என்ன ஆனது? யாருக்கும் நினைவில்லை. அவன் பேர் மட்டும் எல்லோருக்கும் நினைவிருக்கிறது.

அன்று அந்த அறுபது பேர் இழந்தது ஒரு நாள் வருகைப் பதிவு. அவன் இழந்தது மூன்று வருஷம்.

வகுப்பைக் கட் அடிப்பவர்கள் தாராளமாக அடிக்கட்டும், அதற்கு அந்தப் பேரே போதும். நிஜமாகவே ஒன்றைப் பாய்காட் செய்ய நினைப்பவர்கள், கூடிப் பேசும்போது கரும்பலகையில் மூன்று வரி எழுதிப் போட்டுவிட்டுத் தொடங்கட்டும். யாரை? எதற்காக, எதுவரை? அதற்குக் கொடுக்கப்போகும் விலை என்ன? மூன்றாவது வரி காலியாக இருந்தால் கலைந்து போகலாம். முதல் வரியில் கடைசி பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருக்கிறவன் பேர் இருந்தால், அதை எழுதிய கையே முதலில் அழிக்கட்டும்.